மோட்டார் கிளைடரில் வான்வித்தை: சுங்கை சிப்புட் இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் வானத்தில் யாரும் தலைகீழாகப் பறப்பதில்லை. அதைப் பார்க்க லீமா கண்காட்சிக்கு லங்காவி வரை போக வேண்டும். 2011 லீமாவில் நம் மலேசிய விமானப்படையின் கிரிஸ் சக்தி அணி எக்ஸ்ட்ரா 300எல் விமானங்களில் சுழன்றதைப் பார்த்தவர்கள் இந்த ஊரிலும் உண்டு. அந்த விமானத்தின் எஞ்சினுக்கு 300 குதிரைசக்தி. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் பறக்கும் ஆசை உள்ள தோட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது வேறு: "அண்ணே, மோட்டார் கிளைடர்ல இதையெல்லாம் செய்யலாமா?"

செய்யலாம். ஆனால் எல்லா மோட்டார் கிளைடரிலும் முடியாது, எஞ்சினை நம்பியும் முடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நம் நாட்டில் கிளைடர் பறத்தல் மிகவும் குறைவு என்பதால், பயிற்சிக்கு ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று வெளியே போகவேண்டி வரும். போகும் முன்பே பாதியைக் கற்றுக்கொண்டு போனால் காசு மிச்சம்.

முதல் படி: எந்த விமானம்?

மோட்டார் கிளைடர்களில் இரண்டு வகை. ஒன்று, மூக்கில் நிரந்தரமாக எஞ்சினும் புரொப்பெல்லரும் உள்ள சுற்றுலா வகை. ஷைபே ஃபால்கே, குரோப் 109, டிமோனா ஆகியவை இந்தக் கூட்டம். கிளப்புகளில் அதிகம் கிடைப்பவையும் இவைதான். மற்றது, முதுகுக்குள்ளிருந்து எஞ்சினைக் கம்பத்தோடு வெளியே தள்ளி, உயரம் ஏறியதும் மடித்து உள்ளே வைத்துவிடும் வகை. மடித்தபின் அது சுத்தமான கிளைடர்.

ஃபால்கே, குரோப் 109, டிமோனா மூன்றும் வான்வித்தைக்குக் கட்டப்பட்டவை அல்ல. நீளமான இறக்கை, சொகுசான பயணம், நல்ல எரிபொருள் சிக்கனம், அவ்வளவுதான். 'மெதுவாக ஒரு லூப் (செங்குத்தாக ஒரு முழு வட்டம்) போட்டால் என்ன ஆகிவிடும்' என்று கேட்பவர்களிடம் என் பதில் சுருக்கம்: கையேட்டில் தடை என்றால் தடை. இறக்கையின் உள்ளே இருக்கும் முதுகெலும்புக் கட்டை எத்தனை முறை முறுக்கப்பட்டது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்து அதில் ஏறப்போவது வேறு ஒருவர்.

சுற்றுலா வகையில் வித்தைக்குப் பெயர்போனது ஃபூர்னியே ஆர்எஃப்-4டி. பிரான்சின் ரெனே ஃபூர்னியே வடிவமைத்தது. ஒற்றை இருக்கை, முழுக்க மரம், இறக்கை நீளம் 11.26 மீட்டர், ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சினிலிருந்து பிறந்த சுமார் 40 குதிரைசக்தி எஞ்சின். மிரா ஸ்லோவாக் என்ற விமானி 1968இல் இதே ரகத்தை ஜெர்மனியிலிருந்து கலிஃபோர்னியா வரை ஓட்டிப்போனார். 40 குதிரைசக்தியில் அட்லாண்டிக்! மடக்கும் எஞ்சின் வகையில், உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படும் ஏஎஸ்கே 21 இரட்டை இருக்கை கிளைடருக்கு எஞ்சின் பொருத்திய ஏஎஸ்கே 21 எம்ஐ இருக்கிறது.

ஐரோப்பியச் சான்றளிப்பு விதியான சிஎஸ்-22 கிளைடர்களை இரண்டாகப் பிரிக்கிறது. சாதாரணப் பயன்பாட்டு வகை +5.3 முதல் -2.65 ஜி வரை தாங்க வேண்டும் (ஜி என்பது சொந்த எடையைப்போல் எத்தனை மடங்கு சுமை என்ற கணக்கு). வான்வித்தை வகை +7 முதல் -5 ஜி வரை. விமானத்தைத் தேடும்போது முதலில் இந்த வகையைக் கேளுங்கள். பெயிண்ட் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

கையேட்டில் தேட வேண்டியவை

பறக்கும் கையேட்டை எடுத்தவுடன் நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தெந்த வித்தைக்கு அனுமதி, ஒவ்வொன்றுக்கும் நுழைவு வேகம் என்ன, முழு ஸ்டிக் (கட்டுப்பாட்டுத் தண்டு) அசைவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் (இதை விஏ என்பார்கள்), எந்நேரமும் தாண்டக்கூடாத வேகம் (விஎன்இ). எடை, புவிஈர்ப்பு மையத்தின் எல்லை வித்தைக்குத் தனியாக இருக்கலாம். இருவர் ஏறினால் அனுமதி மாறிவிடும் ரகங்களும் உண்டு.

பலர் கவனிக்காமல் விடுவது, ஜி எல்லை எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதை. அந்த +7 என்பது இறக்கைகள் இரண்டும் சமமாக இழுபடும்போது. ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் உருட்டினால் ஒரு இறக்கை மற்றதைவிட அதிகம் சுமக்கும். அப்போது தாங்கும் அளவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பிரேக் (இறக்கையில் எழும் வேகத்தடைத் தகடு) திறந்திருந்தாலும் எல்லை குறையும். ஆகவே இழு, பிறகு உருட்டு. அல்லது உருட்டு, பிறகு இழு. இரண்டையும் சேர்க்காதே.

யாரிடம், எந்தச் சட்டத்தின்கீழ்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 2ஆம் இணைப்பு சொல்வது இது: அந்தந்த நாட்டு அதிகாரம் வகுத்த நிபந்தனைப்படியும், வான் போக்குவரத்துச் சேவை தரும் தகவல் அல்லது அனுமதிப்படியும் மட்டுமே வித்தை பறக்கலாம். நம் நாட்டில் அந்த அதிகாரம் 2018இல் பழைய இலாகாவின் இடத்துக்கு வந்த மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். ஈப்போவைச் சுற்றி இருப்பது கட்டுப்பாட்டு வான்வெளி. 'யாரும் பார்க்கவில்லை' என்ற கணக்கு அங்கே எடுபடாது, ராடார் பார்க்கும்.

அமெரிக்காவில் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே வித்தைக்குத் தடை. கண்ணுக்குத் தெரியும் தூரம் 3 மைல் இருக்க வேண்டும். நெரிசலான ஊருக்கு மேல் கூடாது. பயிற்சிக்குப் போகும் நாட்டின் விதியைத் தனியாகப் படியுங்கள். ஐரோப்பாவில் கிளைடர் உரிமத்தோடு வான்வித்தைத் தகுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

என் கருத்து: முதல் பாடத்தை எஞ்சின் இல்லாத இரட்டை இருக்கை கிளைடரில், வித்தை கற்பிக்கத் தகுதி உள்ள ஆசிரியரோடு எடுங்கள். அதற்கு முன் வீட்டிலேயே காண்டோர் என்ற கணினிக் கிளைடர் விளையாட்டில் லூப், ரோல் (பக்கவாட்டில் முழு உருளல்) வரிசையைப் பழகலாம். ஜி உடம்பில் ஏறாது என்பது உண்மைதான். ஆனாலும் கண் எங்கே பார்க்க வேண்டும் என்பது படிந்துவிடும்.

உடம்பு

4 ஜியில் 70 கிலோ ஆள் 280 கிலோ. ரத்தம் காலுக்கு இறங்கும், முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும். சுருங்க ஆரம்பித்தால் ஸ்டிக்கைத் தளர்த்துங்கள், பார்வை திரும்பும். இழுக்கும் முன்பே கால், தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கிக்கொள்ள வேண்டும், மூச்சை முழுசாக விட்டுவிடக் கூடாது.

நம் வெயிலில் பெரிய எதிரி தண்ணீர்ப் பற்றாக்குறை. காலையில் ஒரு தேத்தண்ணியோடு கிளம்பி, பதினோரு மணிக்கு கண்ணாடி மூடிய காக்பிட்டுக்குள் உட்கார்ந்தால், ஜி தாங்கும் சக்தி பாதியாகிவிட்டதுபோல் இருக்கும். லேசாகப் பசியாறிவிட்டுப் போங்கள். வெறும் வயிறும் ஆகாது, ரெண்டு ரொட்டி சானாய் அமுக்கிவிட்டு ஏறுவதும் ஆகாது. எதிர்மறை ஜி, அதாவது தலைக்கு ரத்தம் ஏறும் பக்கம், ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம்.

செம்பனை மேல் பறக்க வேண்டி வந்தால்

ஐரோப்பியப் புத்தகங்களில் 'எஞ்சின் நின்றால் பக்கத்து வயலில் இறங்கு' என்றிருக்கும். இங்கே நிலை வேறு. செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். மிகச் சிறிய ஆர்எஃப்-4டியின் இறக்கையே 11 மீட்டருக்கு மேல். ஆக எந்த வரிசைக்குள்ளும் இறங்க இடம் இல்லை. கித்தா (ரப்பர்) காடும் அதே கதை. கிந்தா பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் வெட்டவெளி என்றால் பழைய ஈயக் குட்டைகள், அதாவது தண்ணீர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர், கிழக்கே தித்திவங்சா, நடுநடுவே செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள்.

எனவே இந்த வட்டாரத்தில் வித்தைக்கு ஒரே நியாயமான இடம், எஞ்சின் இல்லாமலே ஓடுபாதைக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். கிளைடரின் அழகே அதில் இருக்கிறது. 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, சறுக்கு விகிதம் 20 என்று வைத்தால்கூட, அமைதியான காற்றில் 20 கிலோமீட்டர் போகலாம். பாதியை மட்டும் நம்புங்கள். மீதி பாதி மலைக்காற்றுக்கும் நம் கைப்பிழைக்கும்.

நேரம் காலைதான். மதியத்துக்குமேல் தித்திவங்சா பக்கம் இடிமேகம் கட்டும், குறிப்பாகப் பருவமாற்ற மாதங்களான ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில். விடிகாலையில் பள்ளத்தில் மூடுபனி. அது கலைந்தபின் கிடைக்கும் சில மணி நேரமே நமக்கு. புகைமூட்டக் காலத்தில் வித்தையை மறந்துவிடுங்கள். அடிவானம் தெரியாவிட்டால் தலைகீழாக இருக்கும்போது எது மேல், எது கீழ் என்பதற்குச் சாட்சி இல்லை.

வெப்பத்தின் கணக்கும் உண்டு. கடல்மட்டத்தில் 33 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி, 15 டிகிரி என்று வைத்த தர நிலையோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 2,000 அடிக்கு மேல் உள்ளதைப் போல இருக்கும். சின்ன எஞ்சின் மெதுவாக ஏறும். வினாடிக்கு 2.5 மீட்டர் ஏறினால் 1,000 மீட்டருக்கு ஏழு நிமிடம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் 600 மீட்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேதான் கதை கெடுகிறது. என் கோடு இது: கடைசி வித்தை முடிந்து இறக்கை சமமாகும்போது தரைக்கு மேல் 600 மீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். புதியவருக்கு இன்னும் அதிகம்.

உயரக் கணக்கு

எஞ்சின் சிறியது என்பதால் உயரம் மாதச் சம்பளம் மாதிரி: ஒருமுறை வரும், செலவானால் அடுத்த ஏற்றம் வரை கிடையாது. கணக்கு எளிது. வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தின் வர்க்கத்தை 19.6ஆல் வகுத்தால் அந்த வேகத்தில் அடங்கிய உயரம், மீட்டரில்.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர், 180 என்பது 50 மீட்டர். 100லிருந்து 180க்கு மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க, காற்றுத்தடையை விட்டுவிட்டால், ஏறக்குறைய 88 மீட்டர் உயரம் போகும். அதே 180இல் லூப் தொடங்கி உச்சியில் 80 இருந்தால், லூப்பின் உயரம் ஏறக்குறைய 100 மீட்டர். கீழே வந்து முடிக்கும்போது தடையால் கொஞ்சம் குறையும். அடுத்த வித்தைக்கு அந்தக் குறையை உயரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு வரிசையைத் தாளில் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை மீட்டர் கரைகிறது என்று எழுதுங்கள். ஆரம்ப உயரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். காகிதத்திலேயே 600க்குக் கீழே வந்தால் வரிசையைக் குறையுங்கள்.

எஞ்சினை என்ன செய்வது?

கிளைடர்காரர்களுக்கும் தெரியாது, விமானக்காரர்களுக்கும் தெரியாது என்று சொல்லத்தக்க பகுதி இது. கொஞ்சம் நின்று படியுங்கள்.

மடக்கும் எஞ்சின் வகையில் பதில் ஒன்றுதான்: எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே மடித்து, கதவுகள் மூடியதைக் காட்டும் விளக்கைப் பார்த்த பிறகே வித்தை. பாதி வெளியே நிற்கும் கம்பத்தோடு இழுத்தால் கம்பத்தின் பிடிமானம் உடையலாம்.

மூக்கு எஞ்சின் வகையில் மூன்று கவலைகள். முதலாவது மிகைச் சுழற்சி. புரொப்பெல்லரின் கோணம் மாறாதது என்றால், பாய்ச்சலில் காற்றே அதைத் திருகிச் சிவப்புக் கோட்டைத் தாண்டவைக்கும். ஆகவே மூக்கு தாழும் முன் த்ராட்டிலைக் குறை. மூக்கு மேலே ஏறத் தொடங்கியபின் கூட்டு. கை எப்போதும் த்ராட்டிலிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது எரிபொருளும் எண்ணெயும். மிதவைக் கார்புரேட்டர் உள்ள எஞ்சின், தலைகீழாகவோ எதிர்மறை ஜியிலோ பெட்ரோல் கிடைக்காமல் இருமும், நிற்கும். எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் மேலே போனால் பம்ப் காற்றை இழுக்கும். அழுத்தம் விழுவதை முள் காட்டும் வரை காத்திருக்காதீர்கள். அதனால் இத்தகைய விமானத்தில் லூப், சாய்வான உருளல், சுழற்சி என்று ஜி நேர்மறையாகவே இருக்கும் வித்தைகள் மட்டும். மூன்றாவது, திடீர்க் குளிர்ச்சி. முழு வேகத்தில் ஏறிய சூடான எஞ்சினை ஒரேயடியாக அணைத்து நீண்ட பாய்ச்சலில் தள்ளினால் சிலிண்டர் தலைகள் பாதிக்கப்படலாம். மேலே போனதும் குறைந்த வேகத்தில் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டே செய்வதா, அணைத்துவிடுவதா? புதியவர் அணைத்துவிட்டுப் பழகுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். த்ராட்டில் கவலை இல்லை, காற்றின் சத்தத்தாலேயே வேகம் தெரியும், எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் காப்பாற்றும் என்ற நினைப்பு மனதில் வளராது. ஆனால் வித்தை முடிந்து எஞ்சினைத் திருப்பிக் கிளப்ப முடியாமல் போகலாம் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்து, ஓடுபாதையைச் சறுக்கி எட்டும் இடத்திலேயே இருங்கள்.

தொடங்கும் முன் சோதனை

வரிசை எளிது: உயரம் போதுமா, விமானம் தயாரா (சக்கரம், ஏர்பிரேக் பூட்டு, ஃபிளாப்), கட்டுகள் இறுக்கமா, எஞ்சின் நிலை சரியா, இடம் சரியா, பிறகு சுற்றிலும் வானத்தைப் பார். கட்டு விஷயத்தில் இடுப்புப் பட்டையை முதலில் வலிக்கும்படி இறுக்கி, பிறகு தோள்பட்டையை. காக்பிட்டில் பேனா, கைபேசி, தண்ணீர் போத்தல் எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது. தலைகீழாகும்போது அவை பெடல்களுக்கு அடியில் போய்ச் சிக்கும். பாராசூட் அணியுங்கள். அதன் மடிப்புத் தேதியைப் பாருங்கள். வெளியேறும் வரிசையைத் தரையிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கண்ணாடி, பட்டை, வெளியே. பார்வைச் சுற்றில் 90 டிகிரி இருபக்கமும் திரும்பி, கீழே ஒளிந்திருக்கும் பகுதியையும் பார்த்த பிறகே தொடங்கவும்.

வித்தைகள், கற்கும் வரிசையில்

முதலில் ஸ்பின்னும் (இறக்கை தூக்கும் சக்தியை இழந்து சுழன்று விழுவது) மீட்சியும். இது வித்தை அல்ல, உயிர்க்காப்பு. த்ராட்டில் மூடு, ஏலரான் (இறக்கையை உருட்டும் தகடு) நடுவில், சுழற்சிக்கு எதிர் ரட்டர் (பெடலால் திருப்பும் வால் தகடு) முழுக்க, ஸ்டிக்கை முன்னே தள்ளு, சுழற்சி நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவா, மெதுவாக இழு. கையேட்டில் வரிசை சற்று மாறியிருந்தால் கையேடே சரி. நீண்ட இறக்கையில் நிறை வெளியே பரவியிருப்பதால் சுழற்சி நிற்கச் சற்று நேரம் எடுக்கும், பயந்து ரட்டரை விட்டுவிடாதீர்கள். சுருள்பாய்ச்சலை ஸ்பின் என்று நினைப்பது பெரிய ஆபத்து. அடையாளம் வேகமானி: ஸ்பின்னில் வேகம் குறைவாகவே நிற்கும், சுருள்பாய்ச்சலில் ஏறிக்கொண்டே போகும். ஏறினால் முதலில் இறக்கையைச் சமப்படுத்து, பிறகு இழு.

அடுத்து, ஏறி இறங்கிப் படுத்த எட்டுபோல் வளையும் சோம்பல் எட்டும், ஏறித் திரும்பலும். அலுப்பாகத் தோன்றும், ஆனால் வேகத்தை உயரமாகவும் உயரத்தை வேகமாகவும் மாற்றும் கை இங்கேதான் பழகும். இதைச் சுத்தமாகச் செய்யாதவர் லூப்புக்குப் போக வேண்டாம்.

லூப். கையேட்டு நுழைவு வேகம் 180 என்று வையுங்கள். மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுத்து, இறக்கை சமமா என்று இருபக்க நுனிகளையும் பார்த்து, சுமார் 3 ஜி வரை உறுதியாக இழு, குத்தலாக வேண்டாம். செங்குத்து தாண்டியபின் பிடியைத் தளர்த்து. உச்சியில் லேசாக மிதப்பதுபோல் இருக்க வேண்டும். அங்கே வேகம் 80 என்றாலும் ஸ்டால் ஆகாததன் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்காததன்) காரணம், சுமை குறைந்தால் ஸ்டால் வேகமும் குறையும். கால் ஜியில் அது பாதிதான். அங்கே அவசரப்பட்டு இழுத்தால் உடனே ஸ்டால். தலையைப் பின்னே சாய்த்து அடுத்த அடிவானத்தைத் தேடுங்கள். அது தெரிந்ததும் கீழ்நோக்கிய பாதியை முதல் பாதியைப்போலவே சுற்றுங்கள். இடதோ வலதோ சாய்ந்து வெளிவந்தால் பெரும்பாலும் காரணம் ரட்டரில் இருக்கும் கால். புரொப்பெல்லர் ஓடினால் வேகம் மாறமாற அதன் திருகலைக் காலால் ஈடுகட்ட வேண்டும்.

செங்குத்தாக ஏறி ரட்டரால் திரும்பும் ஸ்டால் டர்னில், நீண்ட இறக்கை மெதுவாகவே திரும்பும். வேகம் தீர்ந்த பிறகு உதைத்தால் பலன் இல்லை. இன்னும் ரட்டருக்குக் காற்று இருக்கும்போதே உதைக்க வேண்டும். தவறிவிட்டால் விமானம் வாலால் பின்னோக்கி வழுக்கும், காற்று ரட்டரையும் ஏலரானையும் எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றித் தாழ்த்தும் வால் தகடு) தப்பான பக்கம் அடித்து, அசைவின் எல்லைத் தடுப்போடு மோதவைக்கும். அப்படி நேர்ந்தால் ஸ்டிக்கை இரு கையாலும் பிடித்து, பெடலை அழுத்தி அசையாமல் வைத்திருங்கள்.

ரோல் கடைசியில். கிளைடர் பல வினாடிகள் எடுத்து மெதுவாக உருளும்; அந்த நேரத்தில் மூக்கு விழும். தலைகீழாக இருக்கையில் மூக்கு விழுந்ததும் கை தானாக ஸ்டிக்கை இழுக்கும். அதுதான் ஆளைக் கொல்லும் பழக்கம். கணக்கைப் பாருங்கள்: தலைகீழ் நிலையில் 120 கிலோமீட்டரில் இழுத்து 200 மீட்டர் விட்டத்தில் கீழே வந்தால், தடை இல்லையெனில் வேகம் ஏறக்குறைய 255. பல மோட்டார் கிளைடர்களுக்கு அது விஎன்இயை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். சரியான வழி, உருளலைத் தொடர்ந்து நிமிர்ந்து, பிறகு இழுப்பது. தலைகீழ் அரை உருளலிலிருந்து கீழே இழுக்கும் வித்தையை, கையேடு அனுமதிக்காவிட்டால் இந்த விமானங்களில் செய்யவே செய்யாதீர்கள், அனுமதித்தாலும் பல காலம் கழித்தே.

வேகம் கைமீறுவதுபோல் தெரிந்தால் த்ராட்டிலை மூடி, இறக்கையைச் சமப்படுத்தி, சீராக இழுங்கள். ஏர்பிரேக்கைத் திறப்பதா என்பதைக் கையேடு சொல்லட்டும். அதிவேகத்தில் அது கையிலிருந்து பறித்துக்கொண்டு திறக்கலாம்.

இறங்கியபின்

ஜி மீட்டரின் உச்ச முள்ளைப் படித்துப் பதிவேட்டில் எழுதுங்கள், பிறகுதான் அழித்துவிடுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், கொஞ்சமே என்றாலும், விமானம் அடுத்த பறத்தலுக்குப் போகக் கூடாது. பொறியாளர் பார்க்கும்வரை ஹேங்கரில் நிற்கட்டும். மர விமானத்தில் இறக்கையின் அடியில், வேரைச் சுற்றி, பெயிண்டில் புதிய கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி இழை விமானத்தில் நாணயத்தால் தட்டி ஒலி மாறுகிறதா என்று கேளுங்கள். ஏர்பிரேக் பெட்டி, எலிவேட்டர் இணைப்பு, வால் பூட்டு, எஞ்சின் தாங்கியின் போல்ட் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் அடித்தட்டில் எண்ணெய் சொட்டியிருந்தால் எந்த வித்தையில் சொட்டியது என்பதையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு பொறியாளருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.